பழைய வயர், புது சப்ளை

அவனை எல்லாரும் ‘ஊதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் வாயால் ஓர் ஊது ஊதுவான். தூசி மூஞ்சியில் அடிக்கும், தும்முவான், அப்புறம்தான் புளோயரை எடுப்பான். எத்தனை சொன்னாலும் கேட்கிற ஜென்மம் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. வருகிறவர்களிடம் அவன் வாய் வலிக்கச் சொல்வது ஒன்றுதான்: முதலில் உள்ளே இருப்பதைக் காப்பி எடு, பிறகு கை வை.

அந்தப் பாழாய்ப்போன சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். மகளின் கம்ப்யூட்டர் தானாக அணைந்து போகிறதாம். மகள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பாட்டு டீச்சராகிற ஆசையில் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பாடிப் பாடிப் பதிந்து வைத்திருந்தாள். இன்னும் நன்றாக வரட்டும் என்று யாருக்கும் அனுப்பவில்லை. வேலை முடிந்து வந்தால் அக்கா செருப்பைக் கழற்றின கையோடு அதைத்தான் போடுவாள். அந்த வீட்டில் அவளுக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது. ஊதியும் அவ்வப்போது வந்து, பெட்டியில் ஏதாவது கோளாறென்றால் சரிசெய்துவிட்டு, அவளோடு உட்காருவான்.

ஊதி போய்ப் பார்த்தான். பிராசஸர் மேலே இருந்த ஃபேனுக்கு அடியில் தூசி மெத்தை மாதிரி அடைத்திருந்தது. சுத்தம் செய்து, சூட்டைக் கடத்துகிற, காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினான். சூடு இறங்கியது, ஆனாலும் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தால் பாதியிலேயே கம்ப்யூட்டர் அணைந்தது. அப்படியென்றால் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளைதான் கோளாறு. தொட்டால் கை சுட்டது, கருகல் வாடை வேறு. கடைக்கு ஓடிப்போய்ப் புதுசு வாங்கி வந்தான். வேறு கம்பெனி சரக்கு.

அந்த மாதிரி சப்ளையில் வயர்கள் பெட்டியோடு ஒட்டியிருக்காது, செருகிக்கொள்ள வேண்டும். போர்டுக்குப் போகிற தடித்த வயர்களை மாற்றிவிட்டான். பாட்டெல்லாம் இருக்கிற டிஸ்க்குக்குப் போகிற மெல்லிய வயர் மட்டும் பின்பக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தது. அதை உருவ வேண்டுமானால் பாதியைக் கழற்ற வேண்டும். அக்கா நாற்காலியைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். ரெண்டு நாளாக மகள் குரலை முழுசாகக் கேட்கவில்லை, சீக்கிரம் முடிடா என்றாள்.

பழைய வயரையே புது சப்ளையில் செருகினான். அச்சாகப் பொருந்தியது. பொருந்துமே! கம்பெனிக்குக் கம்பெனி எந்த ஓட்டையில் எத்தனை வோல்ட் என்பதுதான் மாறும். அது தெரியாதவனா அவன்? இதே காரியத்துக்கு எத்தனை பேரைக் கிழி கிழியென்று கிழித்திருக்கிறான். காப்பி? சொந்த வீடுதானே, எங்கே ஓடிப்போகிறது என்று அதையும் தள்ளிப் போட்டிருந்தான், பாவி.

பட்டனை அழுத்தினான். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. டிஸ்க் பக்கம் ‘டிக்’கென்று ஒரு சத்தம், பிறகு புகை வாடை. டிஸ்க்கைப் பிரித்தான். சேமிக்கிற சிப்பே வெடித்துக் கருகிக் கிடந்தது. இதையெல்லாம் மீட்டுக் கொடுக்கிற ஆளுக்குப் போட்டோ அனுப்பினான். தூக்கிப் போடு என்று பதில் வந்தது.

ரொம்ப நாள் சூட்டில் டிஸ்க் போய்விட்டது என்று அக்காவிடம் சொன்னான். அவள் நம்பினாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டு, இவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

“நீ என்னடா பண்ணுவே. உன்னாலதான் இவ்ளோ நாளாவது ஓடுச்சு.”

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. வயரைக் கையில் எடுத்துக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

அக்கா திட்டவில்லை. வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று பதறிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

“கடைசிப் பாட்டுல நடுவுல நிறுத்திச் சிரிப்பாளே, அதுக்கு முன்னாடி என்னமோ சொல்லுவா. எனக்கு இப்பவே வரமாட்டேங்குது. நீதான் கூட உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கியே, சொல்லுடா.”

ஊதி யோசித்து யோசித்துப் பார்த்தான். அந்தப் பாட்டு ஓடிய போதெல்லாம் அவன் காது ஃபேன் சத்தத்தில்தான் இருந்தது.