ஒரே நம்பரில் இரண்டு பெண்கள்

காலையில் ரத்த மாதிரிக் குப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்று, "மேடம், சம்பத் சார் தவறிட்டாருங்க" என்றார். "வெளாடாதீங்க. நேத்து சாயங்காலம் கூட எங்கிட்ட சண்ட போட்டுட்டுதான் பஸ் ஏறினாரு" என்று அவர் மீது எரிந்து விழுந்தேன். பாவம், அழ ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சம்பத்தோடு பழகிய உங்களுக்குத் தெரியும், மனிதர் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். ஜமுனாமரத்தூரில் எங்கள் சுகாதாரத் திட்ட அலுவலகத்தில் அவர் கணினிப் பிரிவு, நான் ரத்தப் பரிசோதனைக்கூடம். நடுவில் ஒரு சுவர்தான். சந்தவாசலில் இருந்து தினமும் பஸ் பிடித்து மலையேறி வருவார். கணினியில் ஒரு ஃபைல் திறப்பதற்குள் இரண்டு முறை என் அறையை எட்டிப் பார்த்துவிடுவார். "கொஞ்சம் ஒக்காருங்களேன் சார், பாக்குற எனக்குத் தல சுத்துது" என்பேன். "ஒக்காந்தா ஷீட்ட நம்பிடுவேன் மேடம்" என்பார். அந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய எக்செல் ஷீட்டில் கர்ப்பிணிகளின் பெயர், ஊர், செல்போன் நம்பர், பிரசவத் தேதி எல்லாம் இருக்கும். என்னுடைய ஷீட்டில் அவர்களின் ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின். என் ஷீட்டில் இருப்பதைத் தேடி எடுத்துத் தன் ஷீட்டில் அந்தந்தப் பெண்ணுக்கு நேராக வைப்பது அவர் வேலை. எக்செல்லில் உள்ள வீலுக்கப் (VLOOKUP) என்ற சூத்திரம் அதைச் செய்துவிடும். எதை வைத்துத் தேடுவது என்பதுதான் தகராறு. மலையில் ஊருக்கு நான்கு லட்சுமி. அதனால் செல்போன் நம்பரை வைத்துத் தேடச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு. பத்து இலக்கம், தப்பவே தப்பாது என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

ஒரு புளி சீசனில் அந்த மாதப் பட்டியல் முடிந்தது. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அதிகாரி பாராட்டிவிட்டுக் கிளம்பினார். சம்பத் மட்டும் லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு என் அறைக்கும் வராந்தாவுக்கும் நடந்தார்.

"மேடம், லட்சுமி, அலமேலு, ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தமா?"

"அதுக்கு இன்னா சார்? இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். புள்ளிக்கு அப்பறம் இருக்கறதுகூட ஒண்ணா இருக்குதே. அதான் ஒதைக்குது."

எரிச்சலோடு என் ஷீட்டைத் திறந்தேன். அந்த நம்பரில் இரண்டு வரிசை இருந்தது. லட்சுமிக்குப் பதினொன்று புள்ளி இரண்டு, பயமில்லை. கீழே அலமேலுவுக்கு ஆறுதான், ஆபத்து. நான் அதற்குச் சிவப்பு அடித்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் சூத்திரம் எண்ணைத்தான் கொண்டுபோகும், நிறத்தைக் கொண்டுபோகாது. அதிலும் முதலில் கண்ட வரிசையோடு திருப்தியாகி நின்றுவிடும். இரண்டு பெண்களும் ஓரகத்திகள். மூத்தவர் லட்சுமி வீட்டில் மட்டும்தான் போன். இரண்டு பேரும் அந்த நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். வேறு எதைக் கொடுப்பார்கள்?

அந்த நம்பருக்கு அடித்தோம். லட்சுமியின் கணவர் எடுத்தார். "அலமேலுங்களா? அது அம்மா வூட்டுக்குப் போய்ட்ச்சிங்க. இன்னும் ஒரு வாரத்துல கொயந்த பொறந்துடும்னு சொன்னாங்க. அங்க டவர் கெடையாதுங்களே" என்றார். நான் ஊர்ப் பெயரைக் குறித்து முடிப்பதற்குள் சம்பத் உதவியாளரின் பைக் சாவியோடு வாசலில் நின்றார்.

அந்தப் பாதையில் போனதை இப்போது நினைத்தாலும் இடுப்பு வலிக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அலமேலு கால் நீட்டி உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. அவள் அம்மா பாயைப் போட்டு, "இன்னாங்க, நல்லாத்தான் கீறா. கொஞ்சம் சோர்வு, அவ்ளோதான்" என்றார். திருப்பத்தூர் ஆஸ்பத்திரி என்றதும் முகம் மாறிவிட்டது. யாரோ ஒருத்தியை அங்கே கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லையாம். நான் ரத்த அளவை எல்லாம் எடுத்துச் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. மகளை ஒட்டி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

சம்பத் பாயில் உட்காரவில்லை. வாசலில் நின்றபடி சொன்னார்: "அம்மா, நம்பரு கிம்பரு எல்லாம் வுடுங்க. எனக்குப் பயமா கீது. பைக்க எப்பிடி ஓட்டினு வந்தேன்னு இந்த மேடத்தக் கேளுங்க. என் பயத்தப் பாத்தாவது வண்டில ஏறுங்க." சொல்லும்போதே வண்டி ஏதாவது கிடைக்குமா என்று தெருவை எட்டி எட்டிப் பார்த்தார். அந்த அம்மா மகளின் கையை விட்டுவிட்டு எழுந்தார். பிறகு உள்ளே போய் ஒரு பையில் துணியை எடுத்து வைத்தார். புளி ஏற்ற வந்திருந்த மினி வேனில் தாயும் மகளும் ஏறினார்கள். திருப்பத்தூரில் அன்றைக்கே ரத்தம் ஏற்றினார்கள். அந்த வாரக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது.

செய்தி வந்ததும் நான் எல்லோருக்கும் இனிப்பு வாங்கி வந்தேன். "தப்பிச்சோம் சார்" என்றேன். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "நாம தப்பிச்சோம்னு சொல்லாதீங்க மேடம். அவங்க தப்பிச்சாங்க." எனக்கு வந்த கோபத்தில் டப்பாவை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாளில் இருந்து அவர் பழைய பட்டியல்களை எல்லாம் தோண்ட ஆரம்பித்தார். இரண்டு முறை வருகிற நம்பர்களைப் பிரித்தெடுத்து, அந்தப் பெண்களின் ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் வந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. எல்லோரும் நல்லபடியாக இருந்தார்கள். அதன் பிறகும் அவர் அடங்கவில்லை. பெயர், கணவர் பெயர், நம்பர் மூன்றையும் சேர்த்துத்தான் தேடுவேன் என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கினார். "காலியா இருக்கற கட்டம் பயமில்ல மேடம், யாராவது கேள்வி கேப்பாங்க. நெறஞ்ச கட்டத்ததான் யாருமே கேக்க மாட்டாங்க" என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அன்றைக்குச் சந்தவாசல் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அப்படி அசையாமல் இருந்து நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஞ்சு வலிக்குதுன்னாருங்க. கேஸுதான்னு சோடா வாங்கியாரச் சொன்னாரு. சோடா வர்றதுக்குள்ள..." என்றவர், "நீங்க பக்கத்து ரூமுலதான மேடம் இருந்தீங்க? இவருக்கு ஒரு தபாகூட ரத்தம் கித்தம் பாக்கலீங்களா?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். "எனக்கு இன்னா மேடம், நடந்துகினேதான கீறேன்" என்று ஓடிவிடுவார். அதை அந்த நேரத்தில் அவர் மனைவியிடம் எப்படிச் சொல்வது?

மலைக்குத் திரும்பியதும் நேராகப் போய், ரத்தம் பார்க்க வருகிற எல்லோரையும் பதிகிற என் இன்னொரு ஷீட்டைத் திறந்தேன். என்றைக்காவது அவசரத்தில் கையை நீட்டியிருக்கமாட்டாரா என்று ஒரு நப்பாசை. பெயரை அடித்துத் தேடினேன். மலையில் இருக்கிற அத்தனை சம்பத்துகளும் வந்தார்கள். இந்த சம்பத் இல்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. யார் யாருக்காகவோ அலைந்தீர்களே, என் அறைக்கு வர எத்தனை அடி சார்? பிறகு அழுதேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் ஒருவரையும் விடவில்லை. அதிகாரி உட்பட எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்தேன். உதவியாளருக்குச் சர்க்கரை எகிறியிருக்கிறது, அவருக்கே தெரியாது. திட்டிக்கொண்டே மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன்.

துக்கம் விசாரிக்கிற எல்லோரும் "மனச அமைதியா வெச்சிக்குங்க" என்று சொல்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், தெரிகிறது. ஆனால் சம்பத் விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த அமைதியில்லாத மனசு ஒன்றுதான். இது எனக்கு வேண்டும். யாரும் ஆறுதல் சொல்லி இதையும் எடுத்துவிடாதீர்கள்.