அமைச்சர் அவகாசம் கேட்கிறார்

என்னை வன்னிக்கு அனுப்பியது பாராளுமன்றத்தில் ஒரு எம்.பி. கொடுத்த கேள்வி. சனத்தின் மேல் எவருக்கும் இரக்கம் வந்து அனுப்பவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஒரு பக்கம் சிரிப்பும் ஒரு பக்கம் ஆத்திரமுமாக வருகிறது.

ஐம்பதுகளின் கடைசி அது. குடாநாட்டில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வரலாம், மத்தியானம் அம்மாவின் சாப்பாடு. ஒரு காலை எங்கள் சுகாதார இலாகாவின் பெரிய கிளாக்கர் கூப்பிட்டார்.

"பிள்ளை, விசுவமடுவுக்கு அங்காலை ஒரு குடியேற்றத் திட்டம் இருக்கு. அங்கை மருத்துவிச்சி இல்லையெண்டு அந்தப் பக்கத்து எம்.பி. பார்லிமெந்திலை கேள்வி குடுத்திட்டார். மந்திரி எழும்பி, 'இருக்கிறா' எண்டு சொல்லவேணும். அப்ப ஆரும் ஒராள் அங்கை இருக்கவேணுமெல்லே."

"அதுக்கு நானோ ஐயா?"

"நிரந்தரமாயில்லை. மந்திரி பதில் சொல்லுமட்டும்தான். சொன்ன கையோடை உம்மைத் திருப்பிக் கூப்பிட்டிடுவம். ஒரு மாசம், மிஞ்சினால் ஒண்டரை."

ஐப்பசி மழையில் பஸ்ஸிலும், பிறகு உழவு மெசினின் பெட்டியிலும் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தேன். எம்.பி.யின் கேள்விக்கு இரண்டாம் பகுதியும் இருந்தது என்பதை என் விடுதியைக் கண்ட பிறகுதான் அறிந்தேன். மருத்துவிச்சி விடுதிக்கென்று ஒதுக்கிய பணம் என்ன ஆனது என்பது அந்தப் பகுதி. அந்தப் பணம் என்ன ஆனதென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பசளை மூட்டை அடுக்கி வைத்திருந்த களஞ்சியத்துக்கு அவசரமாக வெள்ளை அடித்து, வாசலில் 'மருத்துவிச்சி விடுதி' என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே போனால் பசளை மணம் மூக்கைப் பிடுங்கியது. பின்னால் ஒரு கக்கூசு. அதற்குக் கதவு இல்லை, ஒரு சாக்குத் தொங்கியது. காற்றடித்தால் சாக்கு ஒரு பக்கம், என் மானம் இன்னொரு பக்கம்.

அடுத்த நாள் சங்கக்கடைக்கு முன்னால் எனக்கு வரவேற்பு. அரிசி, மா, சீனி எல்லாம் கூப்பனுக்குக் கொடுக்கிற அந்தச் சங்கக்கடையின் மனேச்சர்தான் ஊருக்கு வாய். கொழும்புப் பேப்பர் ஒரு நாள் பிந்தி மத்தியான பஸ்ஸில் வரும். அதில் பாராளுமன்றப் பகுதியை மட்டும் அவர் எழும்பி நின்று வாசிப்பார். கேட்டுக் கேட்டு ஊருக்கே அந்தப் பாஷை பிடித்துவிட்டது. "மனுசி, எனக்குப் பசிக்கிறதை நீ அறிவாயோ? அறிவாயாயின் சோறு எப்போது? இல்லையெனில் ஏன்?" என்று புருசன்மார் கேட்பார்கள். "அவகாசம் தேவை" என்று குசினிக்குள்ளிருந்து பதில் வரும்.

மனேச்சர் எனக்கு மாலை போட்டு, இந்த மிசி எங்களோடு காலமெல்லாம் இருக்கவேண்டும் என்று பேசத் தொடங்கினார். அரசாங்க மருத்துவிச்சியை அங்கே மிசி என்றுதான் சொல்வார்கள். முதல் நாள் இரவு முழுக்கப் பசளை மணத்தில் படுத்தெழும்பிய எனக்குப் பொறுக்கவில்லை.

"காலமெல்லாமோ? நல்ல கதை. உங்கடை கேள்விக்கு மந்திரி பதில் சொல்லுமட்டும்தான் நான். சொன்ன அடுத்த பஸ்ஸிலை ஏறிடுவன். சும்மா மாலையைப் பாழாக்காதேங்கோ."

பின்வரிசையில் நின்ற ஒரு கமக்காரன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் வாய்க்கால் கரையில் இருக்கிறவர், இந்தக் கேள்வியே அவருடையதுதான் என்று மனேச்சர் பிறகு சொன்னார். அவருடைய பெண்சாதிக்கு இரண்டு பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டிலுக்குள்ளேயே பிறந்து, அழாமலே போயினவாம். இரண்டாவதைத் தாட்ட கையோடு அந்த மனுசன் எம்.பி.யின் வீட்டுப் படலையில் போய்க் குந்திவிட்டார். கேள்வி போடுகிறேன் என்று சொல்லும்வரை எழும்பவில்லை. இப்போது அவள் மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். மாசிக் கடைசியில் பேறு.

அந்த நாளை என் கொப்பியில் குறித்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு மாதம் ஒரு மாதம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

மனேச்சர் நினைத்தது வேறு. அன்று பின்னேரமே ஊரைக் கூட்டி வைத்து, "பதில் சொன்னால்தானே மிசி போறது? பதில் வராட்டி எப்பிடிப் போறது?" என்று கேட்டிருக்கிறார். மந்திரி பதில் சொல்லவேண்டும் என்று தேங்காய் உடைத்த அதே சனம், பதில் சொல்லக்கூடாது என்று எம்.பி.யிடம் ஆள் அனுப்பியது.

கார்த்திகையில் கேள்வி வந்தது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுச் சங்கக்கடைக்குப் போனேன். மனேச்சர் எழும்பி நின்று வாசித்தார்: "கேள்வியைக் கொடுத்த உறுப்பினர் சபையில் இல்லாமையால் கேள்வி பிற்போடப்பட்டது." எல்லோருக்கும் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தார்கள், எனக்கும் தந்தார்கள். குடிக்காமல் வந்தேன்.

மார்கழியில் மறுபடி வந்தது. இந்த முறை எம்.பி. ஒளிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. விடுதிப் பணத்துக்குக் கணக்குச் சரிவராமல் எங்கள் பெரிய கிளாக்கர் முழுசிக்கொண்டிருந்தபடியால், அமைச்சரே எழும்பி அவகாசம் கேட்டுவிட்டார். "அமைச்சர் அவகாசம் கேட்கிறார்" என்று மனேச்சர் வாசித்தபோது அவருடைய குரல் தழுதழுத்தது. அதுவரை அந்த அமைச்சரைக் குளத்துக்கும் வாய்க்காலுக்குமாகத் திட்டித் தீர்த்த சனம், அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு அவர் பெயரில் பொங்கியது. ஐயர் நட்சத்திரம் கேட்டார். மந்திரியின் நட்சத்திரம் யாருக்குத் தெரியும்? மிசியின் நட்சத்திரத்துக்கே செய்யுங்கோ என்று மனேச்சர் சொல்லியிருக்கிறார். அந்தப் பொங்கலையும் எனக்கே கொண்டுவந்து தந்தார்கள். நல்ல பசி, தின்றுவிட்டேன்.

தையில் எம்.பி. மறுபடி காணாமற் போனார். இரண்டு முறையும் கேள்வி நேரம் முடியும்வரை பாராளுமன்றக் கன்ரீனில் இருந்து கோப்பி குடித்தாராம். ஒரு பேப்பர், 'கேட்டவர் எங்கே?' என்று தலைப்புப் போட்டு எழுதிவிட்டது. வவுனியா பஸ்ஸில் போகிறபோது செட்டிகுளத்து ஆட்கள், "உங்கடை எம்.பி.க்கு நித்திரை வியாதியோ?" என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். அவர் மானத்தை விற்றுத் தங்களுக்கு மிசி வாங்கித் தந்திருக்கிறார் என்று எப்படி வெளியில் சொல்வது?

இதற்கிடையில் வேலை நின்று போகவில்லை. வாய்க்கால் வாய்க்காலாகப் பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தார்கள். சேற்றில் சைக்கிளை உருட்டியும் தோளில் தூக்கியும் போய் வந்தேன். எனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், காட்டுக்குள் கிடக்கிற பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அம்மா எழுதினா. அந்த மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் பெரிய விருப்பமில்லை. ஆனாலும் அவர்கள் முந்திக்கொண்டது கோபமாகத்தான் இருந்தது.

மாசி பிறந்ததும் மனேச்சர் தொங்கிய முகத்தோடு வந்தார். இனியும் உறுப்பினர் வராவிட்டால் கேள்வியையே நீக்கிவிடுவேன் என்று சபாநாயகர் கண்டித்துவிட்டாராம். கேள்வி நீங்கினாலும் எனக்கு அங்கே வேலையில்லை, பதில் வந்தாலும் வேலையில்லை. எப்படிப் பார்த்தாலும் நான் போகிறேன். அவள் பெற இன்னும் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தது.

அன்றைக்கே மூன்றாம் வாய்க்காலுக்குப் போனேன். வயிற்றைப் பார்த்தேன், பிள்ளையின் துடிப்பைக் குழல் வைத்துக் கேட்டேன். எல்லாம் நன்றாக இருந்தது. எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்க, அவளே தொடங்கினாள்.

"மிசி, நீங்கள் போற அண்டைக்கு எனக்குச் சொல்லாதேங்கோ. இவரிட்டையும் சொல்லிப்போட்டன், எனக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாதெண்டு. நீங்கள் அந்த விடுதியிலைதான் இருக்கிறியள் எண்டு நினைச்சுக்கொண்டே நான் பெத்திடுவன்."

கெஞ்சவில்லை, அழவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். எனக்கு வந்ததே ஓர் ஆத்திரம். மருத்துவிச்சி இல்லாத இடத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிக் கொழும்பில் ஒரு மந்திரி தப்பப் பார்க்கிறார். அதையே சொல்லித் தன் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்று இவள் இங்கே இருக்கிறாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு வரும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது. வாய்க்காலுக்குள் விழாமல் வந்தது என் அதிர்ஷ்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எம்.பி. சங்கக்கடைக்கு வந்திருந்தார். கை வைத்த கதிரை அங்கே ஒன்றுதான், அதில் அவரை இருத்தியிருந்தார்கள். நல்ல மனுசன், வயிற்றைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"பிள்ளை, உம்மாலை அந்தக் கன்ரீன் கோப்பியைக் குடிச்சு என்ரை வயிறு புண்ணாப் போச்சு. இனி என்னாலை ஏலாது."

"ஒளிச்சது காணும் ஐயா. இந்த முறை போய் உள்ளுக்கை இருங்கோ. மந்திரி 'மருத்துவிச்சி இருக்கிறா' எண்டு வாசிப்பார். வாசிச்சுப்போட்டு அவர் கதிரையிலை இருக்க முந்தி நீங்கள் எழும்பி ஒண்டே ஒண்டு கேளுங்கோ. அவா நிரந்தரமோ எண்டு கேளுங்கோ."

"இல்லையெண்டு சொல்லிப்போட்டாரெண்டால்?"

"அது அவரின்ரை கையிலை இருக்கிற கடதாசியிலை இராது. எங்கடை பெரிய கிளாக்கர் கேக்காத ஒண்டையும் எழுதமாட்டார். மந்திரி தன்ரை வாயாலைதான் சொல்லவேணும். சபை நடுவிலை நிண்டு, 'இல்லை, உங்களுக்குக் காட்டத்தான் அனுப்பினனாங்கள்' எண்டு எந்த மந்திரி சொல்லுவார்?"

மனேச்சர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு, "ஐயா, கடைசியிலை 'இல்லையெனில் ஏன்' எண்டதையும் சேர்த்துக் கேட்டால் நல்லாயிருக்கும்," என்றார்.

"நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ," என்றேன்.

எம்.பி. என்னையே பார்த்தார். "அவர் ஓமெண்டு சொன்னால் பேந்து நீர் போகேலாது, பிள்ளை. அதை யோசிச்சனீரோ?"

"யோசிச்சனான். கேளுங்கோ."

உண்மையில் யோசித்தது அவர் கேட்ட பிறகுதான். அம்மாவின் சாப்பாடு, வீட்டுச் சைக்கிள் வழி, எல்லாம் ஒரு முறை கண்ணுக்குள் வந்து போயின. ஆனால் வாய்விட்டுச் சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லை.

கேள்வி நாள் கழிந்து இரண்டாம் நாள் பேப்பர் வரவேண்டும். அன்று காலையே மூன்றாம் வாய்க்கால் கமக்காரன் ஓடி வந்தார். பேறு முந்திவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளை கொஞ்சம் திரும்பிக் கிடந்தது. சுடுதண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு அவளோடு இருந்தேன். பகல் ஏறிக்கொண்டு போனது. அவள் களைத்துப் போனாள். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, என் சேலைத் தலைப்பை மட்டும் பிடித்த கை விடாமல் பிடித்திருந்தாள். மற்ற இரண்டு பிள்ளைகளையும் அவள் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அதைத்தான் நினைத்தேன். பயமாக இருந்தது.

மத்தியான பஸ்ஸின் சத்தம் தூரத்தில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் சனம் கூடுகிற சத்தம். கிடுகு வேலிக்கு வெளியில் மனேச்சரின் குரல் எழும்பியது. பேப்பரை விரித்துவிட்டார் மனுசன்.

"குறித்த இடத்தில் மருத்துவிச்சி ஒருவர் கடமையில் இருக்கிறார். அவருக்குச் சகல வசதிகளும் கொண்ட விடுதி வழங்கப்பட்டுள்ளது."

"மனேச்சர், வாயை மூடுங்கோ. இங்கை ஒரு பொம்பிளை பெறுறாள்," என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"இந்தா முடியுது மிசி. உறுப்பினர்: அவர் நிரந்தரமானவரா? அமைச்சர்: அதிலென்ன சந்தேகம்? நிரந்தரமானவர்தான். அடைப்புக்குறிக்குள்ளை சிரிப்பு."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"மிசி, அப்ப நீங்கள் போகேல்லையோ?"

"மந்திரியே சொல்லிப்போட்டார். இனி நான் எங்கை போறது? நீ முக்கு."

முக்கினாள். பிள்ளை பிறந்தது, பெண். பிறந்த கையோடு அழுதது. நல்ல உரத்த அழுகை, முற்றத்தில் நின்ற அவ்வளவு பேருக்கும் கேட்டது. அவள் என் சேலைத் தலைப்பை விட்டாள். கமக்காரன் வெளியே நிலத்தில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுததும் எனக்குக் கேட்டது. நானும் அழுதேன். ஏன் என்று கேட்டால் அவகாசம் தேவை.

அந்த ஊரில் அதற்குப் பிறகு பதினொரு வருஷம் இருந்தேன். அமைச்சர் சபையில் சொன்னது எல்லாம் போகப்போக உண்மையாகிவிட்டது, கக்கூசுக் கதவு ஒன்றைத் தவிர. அதற்கு இன்னொரு கேள்வி போடவேண்டி வந்தது.