ஆத்தா வந்த மாத்திரை

சின்ன வயதிலிருந்தே எனக்கு வலிப்பு. பதுளை கிளினிக்கில் தரும் மாத்திரையைத் தவறாமல் போட்டதில் சில வருஷமாக அது எட்டிப் பார்க்கவில்லை. மாத்திரை பாதி, மாரியாத்தா பாதி என்பது என் நம்பிக்கை. நன்றிக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டேன்.

திருவிழாவோ சரியாக எனக்கு மாதவிலக்கு வந்து தூரமாகும் நாளில் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார்.

"இதுக்கா முழிக்கிற? குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைய நிப்பாட்டாம போடு, தள்ளிப் போயிரும். குடம் தூக்குற முக்காவாசிப் பேரு அதத்தானே செய்றாளுக."

பண்டாரவளையில் வாங்கிவந்து, விரதத்தோடு அதையும் தொடங்கினேன்.

விரதம் இருந்தால் மனசு அடங்கும் என்பார்கள். எனக்கோ தேயிலைக் கொழுந்து எடுக்கும்போதே காரணமில்லாமல் அழுகை வந்தது. குழம்பில் உப்பில்லை என்று சொன்ன வீட்டுக்காரரை நோக்கிக் கரண்டி பறந்தது.

"ஆத்தா ஒன்னைய வச்சு என்னையச் சோதிக்கிறா போல," என்றார் அவர்.

திருவிழாவன்று கோயில் வாசல் வரை நடந்தது நினைவிருக்கிறது. பிறகு கற்பூர வாசம். மற்றதெல்லாம் வீட்டுக்காரர் சொன்னது. நான் விழுந்து வெட்டி இழுக்க, பால் தரையில் ஓட, பெண்கள் குலவை போட்டார்களாம். அக்கா முட்டிபோட்டு, "ஆத்தா, எம் மகனுக்கு விசா கெடைக்குமா?" என்று கேட்டாராம்.

"பல்லக் கடிக்கிறா, கோவமா இருக்கா," என்றாளாம் இன்னொருத்தி.

"அது வலிப்பு, தள்ளுங்கடி," என்று இவர்தான் என்னை ஒருபக்கமாகப் படுக்க வைத்திருக்கிறார்.

கிளினிக்கில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். "நீங்க போடுற வலிப்பு மாத்திரைக்கு அந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை ஒத்துவராது அம்மா. இரத்தத்துல வலிப்பு மாத்திரையோட பலத்தக் கொறைச்சிரும். அழுகை, கோபம்கூட அதால வரலாம். எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

வலிப்பு வராததற்கு நன்றி சொல்லப் போய், அந்த வலிப்பையே கடையில் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "ஆத்தா மாத்திரையிலயும் வருவாடி," என்றார். அவர் மகனுக்கு விசா கிடைத்துவிட்டிருந்தது. அதனால் டாக்டரம்மா பேச்சு எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் எடுபடவில்லை.

இந்த வருஷமும் திருவிழா அதே தூர நாளில்தான் வந்து இடித்தது. நான் எந்த மாத்திரையையும் தேடவில்லை. ஆத்தாவும் பெண்தானே, புரியாதா என்று வீட்டிலிருந்தே வேண்டிக்கொண்டேன். என் நேர்த்திக்கு வீட்டுக்காரர் குடம் தூக்கினார். ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அக்காவுக்கு அதில் ஏமாற்றம். திரும்பி வந்தவரை வழியிலேயே நிறுத்திக் கேட்டார்.

"என்னங்கண்ணே, ஒங்களுக்கு ஒண்ணுமே வரலியா?"

"பசி வந்துச்சு தங்கச்சி," என்றார் இவர்.