போலந்து ஐயா சொன்னதும் சொல்லாததும்

அந்த நோட்டுக்கு நீல அட்டை. நடுவில் சிவப்பில் ஒரு சிலுவைக் குறி. திருத்தணியில் நான் நர்ஸாக வேலை பார்த்த மிஷன் டிஸ்பென்சரியில், வந்து போகும் நோயாளிகளின் பெயரை எழுதிக்கொள்ள வந்த நோட்டு அது. முதல் நான்கு பக்கங்களில் சொறி, சிரங்கு, பேதி, தேள்கடி என்று என் கையெழுத்தில் இருக்கும். ஐந்தாம் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போலந்து தேசத்துக் கவிதை. அதுவும் என் கையெழுத்துதான். அதில் ஒரு சொல்லுக்குக்கூட எனக்கு அர்த்தம் தெரியாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்துமூன்று வயது. பம்பாய்ப் பக்கம் போலந்து அகதிகளுக்கு ஒரு முகாம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து எங்கள் பங்குச் சாமியாரின் சிநேகிதர் ஒருவர் கடிதம் எழுதினார்: இங்கே கண் தெரியாத கிழவர் ஒருவர் இருக்கிறார், பெரிய கவிஞர், எல்லோரோடும் சண்டை, கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா? சாமியார் இரக்கமுள்ளவர். வரச் சொல்லிவிட்டார். ரயிலிலிருந்து இறங்கியவரைப் பார்த்தேன். நல்ல உயரம், கொக்கிக் கம்பு போல முதுகு, ஆவணி வெயிலில் கம்பளிக் கோட்டு. நாங்கள் அவரைப் போலந்து ஐயா என்றோம்.

அவருடைய கதையை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. தினமும் கண்ணுக்கு மருந்து விடுகிறபோது, உடைந்த இங்கிலீஷில் துண்டு துண்டாகச் சொன்னதை நான் சேர்த்துவைத்தேன். அவர் வாலிபராக இருந்தபோது அந்த நாட்டில் கவிதை என்றால் ராஜாக்கள், மலைகள், அடிமைப்பட்ட தாய்நாடு. இவர் சாக்கடையைப் பற்றி எழுதினார், தெருவிளக்கைப் பற்றி, பல் பிடுங்குகிற கடையைப் பற்றி, எதுகையும் கிடையாது, ஒழுங்கான அடியும் கிடையாது. முதல் புத்தகம் வந்ததும் பெரியவர்கள் பத்திரிகையில் ஏசினார்கள். பிள்ளைகள் காப்பிக் கடை நாற்காலி மேல் ஏறி நின்று அதையே ஒப்பித்தார்கள். இரண்டாம் புத்தகத்தில் இன்னும் பெயர். பிறகு முதல் யுத்தம். அது முடிந்து வீடு திரும்பியபோது உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிருந்ததாம். இருபத்தைந்து வருஷம் ஒரு வரி எழுதவில்லை. பத்திரிகை ஆபீசில் பிழை திருத்திச் சாப்பிட்டார். இரண்டாம் யுத்தத்தில் ரஷ்யர்கள் மரம் வெட்டக் கொண்டுபோனார்கள். அங்கே பனியில் கண் போயிற்று. மகள் ஒரு ரயிலில், இவர் ஒரு ரயிலில். அவள் உயிரோடு இருக்கிறாளா என்றே அவருக்குத் தெரியாது. முகாமில் எல்லோரும் தேசபக்திப் பாட்டு எழுதச் சொன்னார்களாம், மாட்டேன் என்றாராம், அதுதான் சண்டை.

தங்குவதற்கு அவருக்குக் கிடைத்தது டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. காலரா வருஷங்களில் பிணங்களைக் கிடத்திவைத்த அறை அது. கூட்டுகிற ஆயாகூட வாசலோடு நின்றுவிடுவாள். வெட்கத்தோடு இதை அவரிடம் சொன்னபோது, "நல்லது, பேச்சு அதிகமில்லாத அறை" என்றார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மருந்துப் புட்டியோடு போனால், சுவர்ப்பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். வெளியே மலைக்குப் போகிற கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு போயிற்று. அவர் கேட்டது அதை அல்ல. பிறகு மெதுவாகச் சொன்னார்: "மறுபடி ஆரம்பித்துவிட்டது. எழுத யாராவது வேண்டும்."  ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தேன், பைத்தியக்காரி.

மதியம் இரண்டு மணிக்கு டிஸ்பென்சரி அடங்கிவிடும். அப்போது உட்காருவோம். அவர் பாஷை, எண்ணெயில் வடை போட்ட மாதிரி ஒரே உஸ்ஸும் புஸ்ஸும். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் படித்துக் காட்டினேன், முகத்தைச் சுளித்தார். அந்த நாளில் எங்கள் ஊர் சித்தூர் ஜில்லா, பள்ளியில் படித்ததெல்லாம் தெலுங்கு. தெலுங்கு எழுத்தில் எழுதிப் படித்தேன், தலையை ஆட்டினார். அப்படியே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு நாளும் முதல் பாட்டிலிருந்து முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு சத்தம் பிசகினால் கம்பைத் தரையில் தட்டுவார். அர்த்தம் தெரியாமல் இது எப்படி முடிந்தது என்று இப்போது கேட்கிறார்கள். ஐயோ, எங்களுக்கு அது ஒரு பெரிய காரியமா? பிறந்ததிலிருந்து பூசைக்கு லத்தீனில் பதில் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள்; என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, லத்தீன் மந்திரமாலை தலைகீழாகத் தெரியும். நாற்பத்தொரு பாட்டு, எட்டு மாதம். சில நாள் நடுவில் நிறுத்தி, "பொறு, இன்னும் சொல்லி முடிக்கவில்லை" என்பார். யார் என்று நான் கேட்டதில்லை.

நாற்பத்தொன்று முடிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பழைய புத்தகங்களெல்லாம் வார்சாவில் வீட்டோடு எரிந்துவிட்டன. பூமியில் மிச்சமிருப்பது இந்த நோட்டுதான், அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "என் மகள் உயிரோடு இருந்தால் அவளிடம் சேர்த்துவிடு. ஒன்றும் விட்டுப்போகக் கூடாது" என்றார். சேர்க்கிறேன் என்று சிலுவை போட்டுச் சொன்னேன்.

அடுத்த வாரம் மருந்துச் சரக்கு எடுக்க அரக்கோணம் போனேன். திரும்பி வந்து டிஸ்பென்சரிக்குள் நுழைந்தபோது சாயங்காலம் ஆறு. காலையில் கஞ்சி கொண்டுபோன ஆயா பார்த்தபோதே அவர் போய்விட்டிருந்தாராம். வெயில் காலம், வைக்க முடியாது என்று நான்கு மணிக்கே புதைத்துவிட்டார்கள். அழுதேன். பிறகு நோட்டைத் தேடினேன். அலமாரியில் இல்லை, கட்டிலில் இல்லை. வீட்டுக்கு ஓடினேன்.

"அதுவா? பொட்டியில வச்சி அனுப்பிட்டேனே" என்றாள் அம்மா.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் தினம் செபித்த புத்தகத்தை அவர் நெஞ்சின்மேல் வைத்துத்தான் பெட்டியை மூடுவோம். உறவு இல்லாத மனுஷன் வெறும் நெஞ்சோடு போகிறாரே என்று அம்மா அறைக்குள் போய் எடுத்துவந்து வைத்திருக்கிறாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அட ஆண்டவரே, செபப் பொஸ்தகம்னு நெனச்சிதான்டி வச்சேன். மேல சிலுவ போட்டுகினு இருந்துச்சே! நீயும் தெனம் மத்தியானம் அவர் பக்கத்துல குந்திகினு லத்தீன் ஓதிகினு இருந்தியே!"

அவளை என்ன சொல்வது? எனக்குச் சோறு கொண்டுவந்தபோதெல்லாம் அறைச் சுவருக்கு அப்பாலிருந்து எட்டு மாதம் கேட்டிருக்கிறாள், பாவம். பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். "பொதச்ச மனுசனத் தோண்டறதா? இன்னா பேச்சு பேசற நீ? தாலுக்கா ஆபீஸ்ல உள்ள தள்ளிடுவான்" என்றார் நைனா. சாமியார் கோபிக்கவில்லை, ஆனால் அசையவும் இல்லை. பிஷப்பின் அனுமதி வேண்டும், சர்க்கார் அனுமதி வேண்டும், எதற்கு என்று கேட்டால் என்ன எழுதுவது என்றார். அன்றிலிருந்து நான் தினம் இரண்டு மணிக்கு அந்த அறையில் தனியாக உட்கார்ந்து நாற்பத்தொன்றையும் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன், மறந்துவிடுமோ என்ற பயத்தில். ஆயா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், நர்ஸம்மாவுக்குப் பிடித்துக்கொண்டது என்று.

ஐந்தாம் மாதம் மகள் வந்தாள். உயிரோடுதான் இருந்தாள். தெஹ்ரான் வழியாக முகாமுக்கு வந்து, அப்பாவைக் கேட்டு, விலாசம் வாங்கி, கடைசியில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். விஷக்காய்ச்சலில் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பூக்காரிகள் விடுவார்களா? "இன்னாம்மா, மலைக்கு மொட்ட போட்டுகினு வந்துட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் காரணம் தெரியாமல் சிரித்தாள். கல்லறையைக் காட்டினேன். அங்கேயே நின்று நோட்டைப் பற்றியும் சொன்னேன்.  தோண்டலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். "அதற்கு முன் உட்காருங்கள், எனக்கு எல்லாம் வரும்" என்றேன்.

மூன்று மத்தியானம் அந்த அறையில் உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். முதல் பாட்டின் இரண்டாம் வரியிலேயே பென்சில் நின்றுவிட்டது. "அப்பாவின் குரல்" என்றாள். என் குரல் எனக்குத் தெரியாதா? அது சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அழுதுகொண்டே எழுதினாள், சில இடத்தில் சிரித்தாள். மூன்றாம் பாட்டில் மட்டும் ஒரு இடத்தில் அர்த்தம் முறிகிறது, ஏதோ விட்டிருக்கிறாய் என்றாள். எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. மூன்றாம் நாள் நாற்பத்தொன்றைச் சொல்லி முடித்தேன்.

முடித்தேன் என்றுதான் நினைத்தேன். வாய் நிற்கவில்லை. ஒரு கணமும் இடைவெளி விடாமல் அடுத்த பாட்டு வந்தது. நான் எழுதாத பாட்டு, அவர் சொல்லிக் கேட்காத பாட்டு. பல்லைக் கடித்து நிறுத்தப் பார்த்தேன். பல் இடுக்கு வழியாக வந்தது. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அது ஓய்ந்ததும் நான் தண்ணீர் குடித்தேன், செம்பு பல்லில் மோதியது. அவள் தாளைப் படித்தாள். அவளுடைய உதடு வெளுத்துப்போயிற்று.

"இதை எப்போது சொன்னார்?" என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன். அவள் இங்கிலீஷில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ஒரு வயதான பெண் என் நெஞ்சில் புத்தகம் வைத்தாள். ஆணி அடித்தார்கள். மண் விழுந்தது. இங்கே கண் தெரிகிறது. எழுத்துகள் உருண்டை உருண்டையாக இருக்கின்றன, படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பாட்டில், பாட்டைச் சொல்கிற பெண் ஒரு வரியை விட்டுவிட்டாள். அது இது.

அந்த வரியை அவள் மூன்றாம் பாட்டில் முறிந்த இடத்தில் எழுதினாள். படித்துப் பார்த்தாள். பொருந்துகிறது என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

தோண்டுகிற பேச்சை அதன்பிறகு அவள் எடுக்கவில்லை. மறுநாள் ரயிலேறினாள். யுத்தம் முடிந்து லண்டனிலிருந்து ஒரு புத்தகம் வந்தது, கூடவே கடிதம். நாற்பத்திரண்டு பாட்டும் அச்சாகிவிட்டன, எங்கள் மொழிக்காரர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள், அப்பா மறுபடி பிறந்துவிட்டார். அதற்குப்பின் இன்னும் ஏதாவது வந்ததா? எந்த எழுத்திலாவது எழுதி அனுப்பு, கெஞ்சிக் கேட்கிறேன்.

வரவில்லை என்று பதில் எழுதினேன். அது பொய். அவள் ரயிலேறிய மூன்றாம் நாள், கட்டுத்துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ஒன்று வந்தது. எட்டே வரி. வழக்கம் போல ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அதில் இரண்டு இடத்தில் என் பெயர் இருந்தது. உயிரோடு இருந்த நாளில் என்னை அவர் நர்ஸ் என்றுதான் கூப்பிட்டார். என் பெயரை அவர் கேட்டதுகூட இல்லை. நைனா கூப்பிடுவது போலக் கடைசியில் இழுத்து, இரண்டு தடவை. ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். நன்றி சொல்கிறாரா, திட்டுகிறாரா, வா என்கிறாரா? தெரிந்துகொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. இருபத்துநான்கு வயதுப் பெண்ணுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

மகளும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. பிணத்துக்குப் பயந்தவள் இல்லை நான், எத்தனையோ பேரைக் கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறேன். இப்போது அந்த எட்டு வரிக்கும் பயம் இல்லை. அந்த மொழி தெரிந்தவர் மெட்ராசில் இருப்பார், தேடிப் பிடிக்கலாம் என்கிறாள் என் தம்பி மகள். போன வாரம் அவள் பேனாவோடு வந்து உட்கார்ந்தாள். சொல் அத்தை என்றாள். எட்டு வரியில் ஏழு வந்தது. எட்டாவது வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் காத்திருந்தோம். விட்டுப்போன வரியை இந்தத் தடவை யாரும் வந்து சொல்லவில்லை.