நிஸ்தார் சேர் தர வேண்டிய ‘இல்லை’

முதல் வசனத்தை வாசித்ததும் நிஸ்தார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிடுவார். மீதிப் பக்கங்களைத் திருத்தப் போவதில்லை என்று அர்த்தம். செங்கலடியில் அவர் நடத்தும் சனிக்கிழமை வகுப்பு ஐந்து வருடமாகப் பார்த்துவரும் பழக்கம் இது.

“‘ஒல்லாந்தர் மட்டக்களப்புக்கு வந்தமைக்குப் பல காரணங்கள் உள்ளன.’ லக்ஷன், இதுக்கு ஆராவது இல்லை எண்டு சொல்லுவாங்களா?”

“சொல்லேலாது சேர். அவ்வளவு சரியா எழுதியிரிக்கன்.”

“ஒருத்தரும் மறுக்காத கதைக்கு என்னத்துக்கு அஞ்சு பக்கம்?”

லக்ஷன் பஸ் நடத்துநர். வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டத்துக்கு வரலாறு படிக்க வரும் பதினொரு பேரில் பாதிப் பேர் நிஸ்தாரைவிட மூத்தவர்கள். அவருக்கு இருபத்தொன்பது. ஏறாவூரில் அவருடைய வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். அரசாங்க வேலைக்கான நியமனக் கடிதம் இன்னும் வரவில்லை. துணிந்து ஒரு வசனம் சொல்லுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், தான் அப்படி எதையாவது சொன்னதுண்டா என்று வீட்டுக்குப் போகும் வழியில் யோசிப்பார்.

அவருடைய முறை எளிது. ஒவ்வொருவரும் கட்டுரையின் வாதத்தை அரைத் தாளில் ஒரே வசனமாக எழுதிப் பின்வாங்கில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். பின்னால் இருப்பவர் ‘இல்லை’ என்று தொடங்கிக் காரணம் எழுதித் திருப்ப வேண்டும். அந்த ‘இல்லை’ கையில் வராமல் ஒருவரும் கட்டுரையைத் தொடங்கக் கூடாது.

லக்ஷன் திரும்ப எழுதினான்: ‘மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் பிடிக்கவில்லை, கண்டி மன்னன்தான் பிடித்து அவர்கள் கையில் கொடுத்தான்.’ பின்வாங்கிலிருந்து பதில் வந்தது: ‘இல்லை. பீரங்கி ஆருடையது?’

நிஸ்தார் பேனாவை வெளியே எடுத்தார்.

வதனி கடைசி வாங்கு. அவர் ஏறிவரும் கரடியனாற்றுப் பஸ் பிந்தித்தான் வரும். முன்பள்ளியில் படிப்பிக்கிறார், வயது நாற்பத்து நான்கு. அவருக்குப் பின்னால் சுவர்தான். ஆகவே அவருடைய தாளுக்கு நிஸ்தார்தான் ‘இல்லை’ எழுத வேண்டும்.

மாசி மாதம், சொந்த மாவட்டத்தைப் பற்றிய கட்டுரைக்கு வதனி எழுதினார்: ‘உன்னிச்சை வயல்வட்டையில் அடுத்தடுத்து வேளாண்மை செய்த இரண்டு சமூகங்களைப் பிரித்தது துவக்குச் சூடு அல்ல, சண்டை ஓய்ந்த பிறகும் ஒருவரையொருவர் தேடிப் போகாததே.’

சண்டையில் ஒன்பது வயதில் உன்னிச்சையை விட்டு வந்த தமிழர் வதனி. நிஸ்தாரின் வாப்பா அப்துல் கபூரும் அதே வருடம் அங்கே வயலை விட்டு வந்தவர்தான். நிஸ்தார் அப்போது பிறக்கவில்லை.

“அக்கா, இத நான் வீட்ட கொண்டு போறன்.”

இரவுச் சாப்பாட்டில் கேட்டார். “வாப்பா, உன்னிச்சையால வந்த பொறகு அங்கத்த ஆக்கள ஆரையும் தேடிப் போனீங்களா?”

வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அவங்களும் வரல்லியே, மனெ.”

‘இல்லை’ கேட்கப் போனவருக்கு வதனியின் வசனத்துக்கான சான்றுதான் கிடைத்தது. ஒருவரும் மறுக்காத வசனம் வெறும் வசனம் என்று ஐந்து வருடமாகச் சொல்லி வந்திருக்கிறார். இது வெறும் வசனம் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

ஓகஸ்டில் பரீட்சை. மற்றவர்கள் இரண்டாம், மூன்றாம் கட்டுரைக்குப் போய்விட்டார்கள். வதனியின் கொப்பியில் தலைப்பு மட்டும் இருக்கிறது.

“சேர், என்ட இல்லை எங்க?”

“வாற சனி, அக்கா.”

“எத்தின சனி சேர்? நீங்க எழுதல்லாட்டி நான் என்னெண்டு தொடங்குற?”

“சேருக்கும் ஒரு பின்வாங்கு வேணும் போல,” என்றான் லக்ஷன். வதனி சிரிக்கவில்லை.

போன சனிக்கிழமை நிஸ்தார் அந்தத் தாளை வதனியின் மேசையிலேயே விரித்தார். மடிப்புகள் பிய்யத் தொடங்கியிருந்தன. ‘இல்லை’ என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.  பிறகு எழுதிய சொல்லைத் தானே கோடு கீறி வெட்டி, தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பேனாவை மட்டும் மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த வாங்குக்குப் போனார்.