உச்சிக்குப் போகாதவர்களின் நம்பர்

அம்மா ஓய்வுபெறும்வரை ஒரு பனிமலையைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் வெளிநாட்டு மலைகளுக்குப் போகிறவர்களுக்கு அந்தந்த ஊரில் வழிகாட்டி தேடிக் கொடுப்பதுதான் அவள் உத்தியோகம். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பின்னறை. கைப்பிடி உடைந்த நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்து ஏசியின் வெக்கை முகத்தில் அடிக்கும். அங்கே உட்கார்ந்துகொண்டு, எந்த மலையில் எந்த மாதம் பனி இளகும் என்று போனில் விசாரித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வழிகாட்டி தன் உரிமத்தின் நகலை அனுப்பினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அந்த ஊர் வழிகாட்டிகள் சங்கத்துக்கே போன் போட்டு, இந்த ஆள் இன்னும் உறுப்பினரா, பனியில் கூட்டிப்போக அனுமதி உண்டா என்று கேட்பாள். இது எல்லோரும் செய்யக்கூடியது. அடுத்தது அவளுடையது. வழிகாட்டியிடம் கேட்பாள்: "உங்ககூட வந்து, உச்சிக்குப் போகாம திரும்பினவங்க நம்பர் கொடுங்க."

பலர் போனை வைத்துவிடுவார்கள். அப்படி யாருமே கிடையாது என்று சிலர் மார் தட்டுவார்கள். அப்போது அம்மாவே போனை வைத்துவிடுவாள். நம்பர் கிடைத்தால் கூப்பிடுவாள். எதிர்முனையில் திட்டு விழும். "கூப்பிடு தூரத்துல உச்சி. பாவி, திருப்பிட்டான்!" அம்மா 'உம்' கொட்டிக் கேட்டுக்கொள்வாள். நன்றாகத் திட்டு வாங்கியவனுக்குத்தான் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு யூ-டர்ன் அக்கா என்று பெயர்.

நான் லிஃப்ட் பரிசோதகர். பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. "மேல போறதை எவன் வேணா பாத்துப்பான்டி," என்பாள் அம்மா. "நிக்குதான்னு பாக்கத்தான் ஆள் வேணும். உனக்கும் எனக்கும் ஒரே வேலை. உனக்குக் கொஞ்சம் கிரீஸ் ஜாஸ்தி."

ஓய்வுபெற்றபோது முதலாளி அவளை ஒரு குழுவோடு மலைக்கு அழைத்துப்போனார். பிரிவு உபசாரமாம். சுலபமான சிகரம், நடந்தே போகலாம் என்றார். வழிகாட்டியையும் அவரே பிடித்தார். உரிமம் இருந்தது. அனுபவம் இருந்தது. அவன்மேல் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை.

அதுதான் குறை. அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும். பிறகு ஏன் போனாள்?

குழுவில் இருந்த பல் மருத்துவர் வீட்டுக்கு வந்து சொன்னார். புறப்படுவதற்கு முந்தைய நாள், விடுதியின் சாப்பாட்டு மேசையில் அம்மா கேட்டிருக்கிறாள், எத்தனை முறை திருப்பியிருக்கிறீர்கள் என்று. என்னோடு வந்த எல்லோரும் உச்சியைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள் என்றிருக்கிறான் அவன். மேசையே கைதட்டியது.

"உங்கம்மா மட்டும் தட்டலம்மா. 'அப்ப நான் இங்கயே இருந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க'ன்னாங்க."

"அப்புறம்?"

"முதலாளி, 'யூ-டர்ன் அக்கா, ரிட்டயர் ஆயாச்சு, இங்கயும் ஆபீஸ் வேலையா?'ன்னார். எல்லாரும் சிரிச்சோம்."

"அம்மா?"

"அவங்களும் சிரிச்சுட்டாங்க." மருத்துவர் தன் செருப்பைப் பார்த்தார். "மறுநாள் வந்தாங்க."

நண்பகலில் சரிவிலிருந்த பனி மொத்தமும் இறங்கியது. முன்னால் போன வழிகாட்டியும் அம்மாவும் அதோடு போனார்கள். இருவரும் ஒரு பனிப் பிளவுக்குள் இருக்கலாம் என்கிறார்கள். பனி உருகட்டும் என்கிறார்கள்.

முதலாளி துக்கம் கேட்க வந்தார். "பேப்பரெல்லாம் பக்காம்மா," என்றார். அங்கே போகவேண்டுமென்றால் தானே நல்ல கைடு ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் வாசல் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றேன். முதலாளிக்குப் புரிய நேரமாயிற்று.

"போய் அந்த இடத்தை மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு," என்றார் அப்பா. "எங்க இருக்கான்னு தெரியாம எனக்குக் கண்ணை மூட முடியல."

அம்மா செய்தபடியே செய்தேன். சங்கத்துக்குப் போன். பிறகு ஒவ்வொரு வழிகாட்டியாக. ஒருவர் கேள்வியைக் கேட்டதும் சிரித்தார். "ஒரு அம்மா இதையே கேட்பாங்க. கொஞ்ச நாளா போன் காணோம்." நான் மறுபடி நம்பரைக் கேட்டேன். அவர் ஒரு தம்பதியின் நம்பரைக் கொடுத்தார். அந்தப் பெண்மணி அவரை வாய் வலிக்கத் திட்டினாள். அவரையே அமர்த்தினேன்.

சரளைக்கல் மேடு, பிறகு பனி. எங்கள் இருவருக்கும் நடுவே கயிறு. எங்கள் இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பேச அதிகம் இல்லை. இன்னும் ஒரு முகட்டைத் தாண்டினால் அந்தச் சரிவு தெரியும். அங்கே நின்று கைக்கோலைப் பனியில் குத்தினார். அது பிடிவரை இறங்கியது.

"போதும். திரும்பலாம்."

"வானத்துல ஒரு மேகம்கூட இல்லையே!"

"அதனாலதான். வெயில்ல பனி இளகிடுச்சு."

"எங்கம்மா அங்க இருக்காங்க."

"தெரியும்."

தமிழில் கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் கத்தினேன். முகட்டை நோக்கி நடந்தேன். கயிறு இடுப்பில் இறுகியது. மறுமுனையில் அவர் குதிகாலைப் பனியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். நான் கத்தி முடிக்கும்வரை அப்படியே இருந்தார்.

விடுதி ஜன்னலில் உட்கார்ந்து இருட்டும்வரை அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சரிகிறதா என்று. ஒரு பிடி பனிகூடச் சரியவில்லை. மறுநாளிலிருந்து மழை. பருவம் முடிந்துவிட்டது என்று பாதையை மூடினார்கள்.

"பாத்தியா?" என்றார் அப்பா, நான் பையை இறக்குவதற்குள்.

"இல்லப்பா. கைடு திருப்பிட்டார்."

"அவ்வளவு தூரம் போன பிறகா?"

"ஆமா."

அப்பா டிவியை ஒலியில்லாமல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

போன வாரம் அம்மாவின் அலுவலகத்திலிருந்து போன். இப்போது அம்மாவின் நாற்காலியில் இருக்கும் பெண். அம்மாவிடம் வேலை பழகியவள்.

"அக்கா, ஒரு குரூப் போறாங்க. ஒரு கைடுகிட்ட திரும்பினவங்க நம்பர் கேட்டேன். உங்க நம்பரைக் கொடுத்தார்."

"கொடுப்பான்."

"எப்படிக்கா ஆளு?"

சொன்னேன். கல் நெஞ்சக்காரன். காது கேளாதவன். பெற்றவளைப் பார்க்கப் போனவளை மாட்டைக் கட்டுவது போலக் கட்டி இழுத்து வந்தவன். ஒரே ஒரு முகடு. ஒரு பிடி பனி சரியவில்லை. அப்பா இன்னும் தூங்குவதில்லை. சொல்லச் சொல்ல எனக்குக் குரல் ஏறியது. எதிர்முனையில் அவள் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாள், அம்மாவைப் போலவே.

மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"சரிக்கா," என்றாள் அவள் மெதுவாக. "போதும்க்கா."

"வைக்காத. இன்னும் இருக்கு," என்றேன்.