நுனியில் நிற்கப் பார்த்த தூண்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

கடலூர் முதுநகரில் எனக்கு ஒரு சின்ன மரப் பட்டறை. கம்ப்யூட்டர் சொன்னபடி மரத்தில் எழுத்து வெட்டுகிற மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டில் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கான சிறிய மெஷின்தான். பன்னிரண்டு வரை படித்த என் மனைவி எழுத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மரத்தைப் பொருத்தி, வெட்டும் முனையை இறக்கி, மெஷினை ஓட்டுவது நான். பெயர்ப்பலகைகளைத் தவிர வேறு எதுவும் அதுவரை வெட்டியதில்லை.

போன மாதம் சிதம்பரத்திலிருந்து ஒரு பைக் மெக்கானிக் வந்தார். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறாராம். இடித்ததில் கிடைத்த இரண்டு தேக்குத் தூண்களை வாசலில் நிறுத்தப் போகிறார். ஒன்றில் அப்பா பெயர், மற்றதில் அம்மா பெயர். இருவரும் இப்போது இல்லை.

"பெயிண்ட்ல எழுதுனா போயிடும் மாமா. மரத்துக்குள்ளயே இருக்கணும்" என்றார்.

தூண் ஆறு அங்குலக் கனம், சதுரம். என் மெஷினில் மூன்று அங்குலத்துக்கு மேல் நுழையாது. கீழ்ப்பலகையைக் கழற்றிப் போட்டு, இரண்டு முக்காலிகள் மேல் தூணைக் கிடத்தி, ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்தியதற்கே ஒரு நாள் போனது.

தூண் என்றால் முதலில் அடி எது, நுனி எது என்று பார்க்க வேண்டும். மரம் எப்படி நின்றதோ அப்படித்தான் தூணும் நிற்க வேண்டும். தலைகீழாகத் தூண் நட்ட வீடு தழைக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் கனமான பக்கம் தாழும். அதுதான் அடி. இரண்டு தூண்களின் அடியிலும் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டேன்.

அப்பா தூணை முன்வாசல் வழியாக, நுனி முன்னால் போகும்படி நுழைத்தேன். நன்றாக வந்தது. மறுநாள் பண்ருட்டிப் பலாப்பழ டெம்போ ஒன்று பஞ்சராகி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. எதிர்க்கடைக்காரரும் நானும் அம்மா தூணைப் பின்கதவு வழியாகத் தூக்கி வந்து, முதல் நாள் போலவே நுனி முன்னால் போகும்படி நுழைத்தோம். வந்த பக்கம் மாறியதால் தூணும் திரும்பிவிட்டது. எனக்கே தோன்றாதது மெஷினுக்கு எப்படித் தெரியும்? முதல் நாள் வெட்டிய திசையிலேயே வெட்டிக்கொண்டு போனது. தூளை ஊதிவிட்டுப் பார்த்தால், எழுத்தின் தலைமாட்டில், அடிக்கென்று நான் போட்ட சாக்பீஸ் குறி.

"இன்னாங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் மனைவி. சொன்னேன்.

"அவருக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க."

"அப்பறமா சொல்றேன்."

"யாரு, நீங்களா? பஸ்ல டிக்கெட் கேக்கவே என்னை முன்னால தள்ளி வுடுற ஆளு!"

அவள் உள்ளே போனதும் ஒரு துணியை எடுத்து அந்தக் குறியைத் துடைத்துவிட்டேன். எழுத்து நேராக நிற்கும். மரம்தான் தலைகீழாக நிற்கும். இழைத்த தூணில் அதை யார் கண்டுபிடிப்பார்கள்? ஆனால் அந்த வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்கூட என் நினைவு தூணுக்குத்தான் போகும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

மெக்கானிக் புதுச் சுவருக்குக் குழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாமா! தூணத் தூக்கினு வருவீங்கன்னு பாத்தா, வெறுங்கைய வீசினு வர்றீங்க?"

பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "அம்மா தூண்ல தப்பு பண்ணிட்டேங்க. அடிப்பக்கத்தத் தலையா வச்சு வெட்டிட்டேன்" என்றேன்.

குழாயைக் கீழே போட்டார். "சொல்லாம நட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாதுங்க."

"கொத்தனாருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

"அப்பறம் இன்னாத்துக்கு மாமா இம்மாந்தூரம் வந்தீங்க?"

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

அவர் போய்க் குழாயை நிறுத்திவிட்டு வந்தார். "சரி, இப்ப இன்னா செய்யலாம்?"

"வெட்டுன பக்கத்தக் கால் அங்குலம் இழைச்சு எடுத்துட்டு, சரியா திருப்பி வச்சு மறுபடி வெட்டலாம். ஆனா போன மரம் திரும்ப வராதுங்க. அந்தத் தூணும் கொஞ்சம் மெலிசாயிடும். உங்க வீட்டு மரம், நீங்க சொன்னாத்தான் கை வைப்பேன். ஜோடி சேரணும்னா அப்பா தூணையும் பின்பக்கம் இழைச்சிடலாம்."

அவர் சிரித்துவிட்டார்.

"எங்கம்மா ஒல்லிதான் மாமா. தூணும் ஒல்லியாவே இருக்கட்டும். அப்பாவத் தொடாதீங்க, அவரு நல்லா குண்டு." உடனே பின்னால் போட்டிருந்த கொட்டகைப் பக்கம் திரும்பி, "ஏய், மாமாவுக்கு டீ போடு" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

அந்த டீயை நான் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அப்படி ஒரு தூக்கம். முதுநகர் போனதே தெரியவில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். வேறு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை வைத்தாள்.

சொன்னபடி இழைத்து, மறுபடி வெட்டிக் கொடுத்தேன். நேற்று சிதம்பரத்தில் தூண்களை நட்டார்கள். அம்மா தூணின் அடியைப் பிடித்துக் கல்லின் மேல் இறக்கியது நான்தான்.

ஆவணி பதினாறு, செவ்வாய்க்கிழமை.